மந்திரி முகத்தைத் திருப்பிய நாள்

என் ஜெராக்ஸ் கடைக்கும் அவளுடைய கடைக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். என் பக்கம் காகிதக் கட்டுகளை அடுக்கியிருப்பேன். அவள் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடும். பதினோரு வருஷமாக என் கட்டுகளின் அடிவரிசை நமுத்துப் போகும், நான் போய்ச் சத்தம் போடுவேன், அவளுடைய வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்து குழாயில் ஒரு துணியைச் சுற்றிவிட்டுப் போவார். இரண்டு மாதம் தாங்கும். அப்புறம் மறுபடியும் நான் போய்ச் சத்தம் போடுவேன்.

அவளுடையது நாய் குளிப்பாட்டும் கடை. இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி, அதற்குள் வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு, பக்கத்தில் நாயை நிறுத்தி உலர்த்த ஒரு எவர்சில்வர் மேசை, கூரையிலிருந்து தொங்கும் பெரிய டிரையர். பின்சுவரில் ஒரு பலகை. அதில் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டிகள், பெரிதும் சிறிதுமாக இருபது இருக்கும். அந்தப் புட்டிகளால் தெருவில் அவளுக்கு ‘எண்ணெய்க்காரி’ என்று பேர் வந்துவிட்டது. சொந்தப் பேர் கரண்டு பில்லில் மட்டும் இருந்தது.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு சோப்புக் கம்பெனியில் கட்டு கட்டும் வேலை பார்த்தவள். வரிசையில் வரும் சோப்பை மோந்து பார்த்தே, ‘இந்தத் தடவை கலவை சரியில்லை’ என்று சொல்லிவிடுவாளாம். முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு முறை அவள் சொன்னது சரியாகப் போனதும், சூப்பர்வைசரே ஒவ்வொரு கலவைக்கும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்து நிற்க ஆரம்பித்தார். கம்பெனி மூடியபோது மற்றவர்களைப் போலவே அவளும் வெளியே வந்தாள். வீட்டுக்காரர் அப்போது பஸ் கழுவும் வேலையில் இருந்தார். “ஒருத்தர் பஸ் கழுவுறவர், ஒருத்தி சோப்பு கட்டுனவ. நாய் குளிப்பாட்ட இதுக்கு மேல என்ன படிப்பு வேணும்?” என்று அவர் கேட்டுத்தான் கடை போட்டார்கள்.

எண்ணெய்க்கு வந்தது பிறகுதான். கடை தொடங்கி இரண்டாவது வருஷம், யாரோ கொண்டுவந்த ஷாம்பூவில் ஒரு நாய்க்குத் தோல் சிவந்து தடித்துவிட்டது. அன்றிலிருந்து கடைச் சரக்கில் நம்பிக்கை போயிற்று. தேடித் தேடிப் படித்தாள். லாவெண்டர், கெமோமில், தேவதாரு. ஒவ்வொரு பூவிலிருந்தும் மரத்திலிருந்தும் இறக்கிய வாசனை எண்ணெய்களை வாங்கினாள். அவற்றை அப்படியே தொடக்கூடாது என்பதில் அவள் ராணுவம். வாசனை இல்லாத சாதா எண்ணெயில் முப்பது மில்லிக்கு ஐந்து சொட்டு, ஆறாவது சொட்டு விழுந்துவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பாள். குட்டிகளுக்குக் கிடையாது. சினை நாய்க்குக் கிடையாது. முகத்தில் கிடையாது, புண் இருந்தால் கிடையவே கிடையாது. “வீட்டுல பூனை இருக்கா?” என்று கேட்காமல் எதையும் தடவ மாட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தாள். கலவைப் புட்டியைத் திறந்து, நாயின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிப்பாள். நாய் தானாக முன்னால் வந்து மோந்தால் சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் மூடியை மூடிவிடுவாள்.

“நமக்கு வாசம், அதுக்கு வீச்சமா இருக்கலாம் இல்லையா? அதுக்குப் பிடிக்காததை அது மேல தடவ நாம யாரு?” என்பாள்.

ஒரு தடவை வெள்ளை முடி நாய் வைத்திருந்த ஒரு பெண்மணி, “என்னம்மா, வாசனையே வரலையே?” என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

“உங்களுக்கு வரலைன்னா அவனுக்குச் சரியா வருதுன்னு அர்த்தம்.”

புட்டிகளில் எதிலும் பேர் எழுதி ஒட்டியிருக்காது. நானே கேட்டேன். என் கடையில் ஸ்டிக்கர் காகிதம் கிடக்கிறது, அச்சடித்துத் தருகிறேன் என்றேன். “மூக்கு இருக்கும்போது லேபிள் எதுக்குண்ணா?” என்று சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன். இதை இப்போது எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி வாக்கில், டிரையர் சத்தம் நின்றது. அது சாதாரண விஷயம். ஆனால் அதற்குப் பிறகு அவளுடைய குரல் வந்தது, கத்தலாக இல்லை. “அண்ணா, கொஞ்சம் வாங்க.” போய்ப் பார்த்தால் அவர் மேசைக்கும் தொட்டிக்கும் நடுவே சரிந்து கிடந்தார். மாரடைப்பு. மேசை மேல் ஒரு பெரிய மஞ்சள் நாய் பாதி உலர்ந்தும் பாதி நனைந்தும் நின்றுகொண்டிருந்தது. அவர் விழுந்ததும் அவள் முதலில் செய்தது டிரையரை அணைத்ததுதான். நாய் பயந்து குதித்துவிடும் என்று அணைத்தாளாம். ஆம்புலன்சில் ஏறும்போதும் திரும்பி என்னிடம், “அந்த நாய் பாதி ஈரமா இருக்கு, பாத்துக்கங்க” என்றாள்.

எனக்கு நாய் என்றால் நடுக்கம். அன்றைக்கு அந்த மஞ்சள் நாயை ஒரு துண்டை வைத்து நான்தான் துடைத்தேன். என் வாழ்நாளில் நான் தொட்ட முதல் நாய் அது. அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தோம்.

அவர் திரும்பி வரவில்லை.

எல்லாம் முடிந்து பத்தாம் நாள் அவள் கடையைத் திறந்தாள். நான் போய் எதையோ சொல்ல வாயெடுத்தேன். “குழாய் ஒழுகுதாண்ணா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒழுகியது. அவள் தலையை ஆட்டிவிட்டு வாளியை நிரப்பப் போனாள்.

அழவில்லை. இதைத் தெருவே பேசியது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பதினைந்து நாள் இருந்து அழுதுவிட்டுப் போனாள். இவள் மகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், முதுகைத் தடவிவிட்டாள். நாய்களை முன்போலவே குளிப்பாட்டினாள். காதுக்குள் தண்ணீர் போகாமல் பஞ்சு வைத்தாள், நகம் வெட்டினாள், கால்விரல் இடுக்கு வரை துடைத்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நாய்களோடு பேசுவது நின்றுவிட்டது. முன்பெல்லாம் சுவர் வழியாக, “அடேய் திருட்டுப் பயலே, காலைக் கொடு”, “மகாராணிக்குத் தண்ணி சூடா இருக்கோ?” என்று காலை முதல் மாலை வரை வந்துகொண்டிருக்கும். இப்போது தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்தது.

ஒரு மாதம் கழித்து அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் கடை பூட்டியிருந்தது. எட்டாம் நாள் வந்து திறந்தாள். இளைத்திருந்தாள். “பரவாயில்லையாம்மா?” என்றேன். “பரவாயில்லைண்ணா” என்றாள். அதோடு சரி.

இனி மந்திரிக்கு வருகிறேன்.

அடுத்த தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். கண்ணில் ஒற்றை லென்சை மாட்டிக்கொண்டு குனிந்தே இருந்து, நிமிர்ந்தாலும் குனிந்த மாதிரியே இருப்பவர். அவரும் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அவர்கள் வளர்த்த நாய்க்கு ‘மந்திரி’ என்று பேர். குட்டைக் கால், கறுப்பு உடம்பு, முகவாயில் நரை. முன்னங்கால்கள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, நாட்டின் நிதி நிலைமை கைமீறிப் போனதைப் போல ஒரு பார்வை பார்க்கும். பதினோரு வயது. பின்முதுகில் அரிப்பு. மாதம் இரண்டு முறை அவர் அதைக் கூட்டி வருவார். அவள் குளிப்பாட்டி, லாவெண்டர் கலவையைக் கைக்குழியில் ஊற்றி முதுகில் பரவலாகத் தேய்த்து அனுப்புவாள். அந்தக் கலவை தண்ணீர் மாதிரி மென்மையானது, அரை உள்ளங்கை எடுத்தாலும் ஒன்றும் செய்யாது.

அவளுடைய வீட்டுக்காரர் இறந்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வாரம் மகள் வந்திருந்தாள். அம்மா ஏதோ மரக்கட்டை மாதிரி இருக்கிறாளே என்று தாங்காமல், இருந்த மூன்று நாளும் கடையைத் தேய்த்துக் கழுவினாள். பலகையையும் துடைத்தாள். புட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்து, உயர வாரியாக அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று காலை பதினோரு மணிக்கு மந்திரி வந்தது. நான் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு நூறு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு காட்டமான வாடை வந்தது. மருந்தும் கற்பூரமும் கலந்த மாதிரி. எனக்குப் பழக்கமான வாடைதான். சாயங்காலம் தரை துடைக்கும்போது வாளித் தண்ணீரில் சில சொட்டு விடுவாள். டீ ட்ரீ எண்ணெய் என்று பேர். “டீத்தூள்ல எடுக்கிறதா?” என்று ஒருமுறை கேட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “குடிக்கிற டீக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணா. இது தரைக்கு மட்டும்தான். நாய் மேல பட்டா விஷம்” என்றிருந்தாள். அன்று என்ன, காலையிலேயே தரை துடைக்கிறாள் என்று நினைத்தேன். பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூன்றரை மணி இருக்கும். அவள் என் கடை வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் இரண்டு புட்டி.

“அண்ணா, இதை மோந்து பாருங்க.”

மோந்தேன். “பூ வாசனை. லாவெண்டர்தானே?”

“இது?”

மூக்குக்குள் ஊசி குத்தியது. “தரை துடைக்கிறது.”

“காலையில மந்திரிக்குத் தடவினது இதுதான்.” இரண்டாவது புட்டியைத் தூக்கிக் காட்டினாள். “இப்ப போன் வந்துது. பின்னங்கால் நிக்க மாட்டேங்குதாம். எச்சில் ஒழுகுதாம். நடுங்குதாம்.”

எனக்குப் புரியவில்லை. “நீ எப்படிம்மா மாத்தி எடுப்ப? உன் மூக்குக்குத் தெரியாதா?”

“காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியலண்ணா. மூணு மாசமாச்சு. பலகையில இருக்கிற இடத்தை வச்சுத்தான் எடுத்துக்கிட்டிருந்தேன்.”

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்க இது நேரமில்லை என்பது அவள் குரலிலேயே இருந்தது. விலாசம் சொல்வது போலச் சொன்னாள். உடனே என் போனை வாங்கிக் கடிகாரக்காரருக்குப் போட்டாள். “ஐயா, நான்தான். நான் கலக்காத எண்ணெயைத் தடவிட்டேன். தப்பு என்னோடது. பாத்திரம் கழுவுற சோப்பைப் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணியில முதுகை நல்லா கழுவுங்க. நக்க விடாதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. துண்டுல சுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நான் அங்க வந்துடறேன்.” வைத்துவிட்டு, “ஸ்கூட்டர் இருக்காண்ணா?” என்றாள்.

வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து, “அவன் முகத்தைத் திருப்பினாண்ணா” என்றாள்.

“யாரு?”

“மந்திரி. புட்டியைத் திறந்து பிடிச்சேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். பாத்தேன். பாத்துட்டுத் தடவினேன்.”

பச்சை விளக்கு விழுந்தது. நான் வண்டியை எடுத்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் நாங்கள் போய்ச் சேர்ந்த ஐந்து நிமிஷத்தில் அவர்களும் வந்துவிட்டார்கள். மந்திரி ஒரு நீலத் துண்டுக்குள் ஈரமாக இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அவர் லென்சைக் கழற்ற மறந்து நெற்றியில் ஏற்றி விட்டிருந்தார். டாக்டரம்மா சின்ன வயசு. மேசையில் கிடத்தி, பின்னங்காலைக் கிள்ளிப் பார்த்தாள்.

“என்ன சாப்பிட்டது? எங்கயாவது விழுந்துதா?”

“எதுவும் இல்லை டாக்டர். காலையில குளிக்க வச்சோம். ஏதோ இயற்கை எண்ணெய் தடவினாங்க, அது ஒண்ணும் செய்யாதாம்” என்றாள் கடிகாரக்காரரின் மனைவி. அவளுக்கு விஷயம் அதுவரை சொல்லப்படவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பாவம், வழியில் அவர் எதையும் சொல்லும் நிலையில் இல்லை.

“செய்யும் டாக்டர்” என்றாள் இவள். புட்டியை மேசை மேல் வைத்தாள். “டீ ட்ரீ. கலக்காதது. அரை உள்ளங்கை, ரெண்டு ஸ்பூன் இருக்கும். முதுகில தடவினது பதினொண்ணேகாலுக்கு. மூணே முக்காலுக்குக் கழுவியாச்சு. நடுவுல நக்கியிருப்பான்.”

டாக்டரம்மா புட்டியை எடுத்து மோந்தாள். பிறகு வேலையில் இறங்கினாள். உடம்புச் சூடு குறைந்திருந்தது. மறுபடியும் கழுவச் சொன்னாள். நரம்பில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினாள், சூட்டுப் பைகளை இரண்டு பக்கமும் வைத்தாள். அரை மணி கழித்து வெளியே வந்து, “நீங்க சொன்னதால தப்பிச்சுது. இல்லாட்டி முதுகெலும்புல அடின்னு நினைச்சு எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். எண்ணெய் தடவுறவங்க யாரும் வாயைத் திறக்கிறதில்லை” என்றாள். “வயசு ஆச்சு, ஈரல் தாங்குதான்னு பாக்கணும். ரெண்டு நாள் போகட்டும்.”

நடைபாதையில் ஒரு நீளமான மர பெஞ்ச். ஒரு முனையில் இவள், மறு முனையில் கடிகாரக்காரரின் மனைவி. நானும் அவரும் நின்றுகொண்டிருந்தோம். சுவரில் குடற்புழு மருந்து விளம்பரம். அதில் ஒரு நாய் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மா திடீரென்று எழுந்து இவள் முன்னால் வந்து நின்றாள்.

“இயற்கை, இயற்கைன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க! கடையில விக்கிற ஷாம்பூவைப் போட்டா பாவம்னு என்கிட்டயே சொன்னீங்களே! எங்களுக்கு அவனை விட்டா யாரும்மா இருக்கா?”

“தப்புதான்க்கா.”

“தப்புதான்னு கல்லு மாதிரி சொல்றீங்க! ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலையே உங்களுக்கு!”

இவள் அண்ணாந்து பார்த்தாள். மறுத்துப் பேசும் முகம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும் முகம்.

“வரலைக்கா. எங்க வீட்டுக்காரருக்கே வரலை.”

அந்த அம்மா வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். முன்பு உட்கார்ந்திருந்த முனைக்குப் போகவில்லை. நான் நாலு டீ வாங்கி வந்தேன். இவள் குடித்தாள். சூடு தெரியாதவள் மாதிரி ஒரே மடக்கில் குடித்தாள்.

அடுத்த நாள் காலை அவள் கடையைத் திறக்கவில்லை. என் கடைக்கு வந்து, “ஒரு நோட்டீஸ் அடிக்கணும்ணா” என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

‘மூன்று மாதமாக எனக்கு வாசனை தெரியவில்லை. தெரியாமலே எண்ணெய் கலந்தேன். ஒரு நாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. என்னிடம் வாங்கிய எண்ணெய், ஸ்பிரே எதுவாக இருந்தாலும் நாய்க்குப் போட வேண்டாம். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடவும்.’

“இப்படி வெட்ட வெளிச்சமாவா போடுவ? ‘தவிர்க்க முடியாத காரணத்தால்’னு ஏதாவது போட்டுக்கலாமே” என்றேன்.

“அப்படிப் போட்டா யாரு திருப்பிக் கொண்டுவருவா?”

கதவில் ஒட்டினாள். பிறகு வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். என் கடை முக்காலியில் உட்கார்ந்துதான் போட்டாள், அதனால் எல்லாம் எனக்குக் கேட்டது. அதே ஐந்து வாக்கியம், ஏற்ற இறக்கமே இல்லாமல். சிலர் திட்டினார்கள். சிலர், “எங்க நாய்க்கு நல்லாத்தான் இருக்கு, விடுங்க” என்றார்கள். அவள் விடவில்லை, “நல்லா இருந்தாலும் கொண்டு வாங்க” என்றாள். வெள்ளை முடி நாய்க்காரப் பெண்மணி அரை மணி நேரம் கத்தினாள். இவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் கேட்டாள். வந்த புட்டிகளையும் பலகையில் இருந்தவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடிக் கட்டினாள். நான் லேபிள் அச்சடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒட்டுவதற்குப் பலகையில் புட்டிதான் எதுவும் மிச்சமில்லை.

மகளுக்கு நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் போனில் விழுந்து விழுந்து அழுதாள். பலகையை அடுக்கியது தான்தானே என்று. இவள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“உன் மேல தப்பில்லடி. நீ சுத்தம்தான் பண்ணின.”

“ஏம்மா என்கிட்ட சொல்லல? மூக்கு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

இவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். “அதுவும் போச்சுன்னு தோணிச்சு. அவ்வளவுதான். பெரிசா தெரியல.”

அன்றுதான் மீதியையும் என்னிடம் சொன்னாள். காய்ச்சல் விட்ட மறுநாள் அடுப்பில் வைத்த பால் தீய்ந்து கரிந்து புகை வந்து, மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரை அவளுக்குத் தெரியவில்லையாம். பிறகு பீரோவிலிருந்து தன் வீட்டுக்காரருடைய சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். வெறும் துணி. மடித்துத் திரும்ப வைத்துவிட்டு, அடுத்த வாரம் பழைய துணி வாங்க வந்தவர்களிடம் எல்லாச் சட்டைகளையும் கொடுத்துவிட்டாளாம். “எதுக்கு வச்சிருக்கணும்னு தெரியலண்ணா” என்றாள். நான் ஜெராக்ஸ் மிஷினைத் திறந்து, சிக்கியே இருக்காத காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மந்திரி மூன்றாம் நாள் தலையைத் தூக்கியது. நாலாம் நாள் கொஞ்சம் கஞ்சி குடித்தது. அந்த நாலு நாளும் காலையும் மாலையும் அவள் போய் அந்தக் கூண்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தொடவில்லை. கடிகாரக்காரர் தடுக்கவில்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஈரல் தேறிவிட்டது, பின்னங்காலில் ஒன்று மட்டும் பழையபடி வரவில்லை. அது எண்ணெயாலா, வயசாலா என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. இவளுக்குச் சந்தேகமே இல்லை.

மகள் மறுபடி வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாக மூக்கு டாக்டரிடம் கூட்டிப் போனாள். வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறது. பயிற்சி செய்ய வேண்டும், தினமும் இரண்டு வேளை, நாலு விதமான வாசனையை மாற்றி மாற்றி மோந்து பார்க்க வேண்டும். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். “வாசனை எண்ணெய்னு கடையில சின்னச் சின்னப் புட்டியா கிடைக்கும், வாங்கிக்கங்க” என்றாராம். அதைச் சொல்லும்போது அவள் உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் போனது. சிரிப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கடையை அவள் மூடவில்லை. பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சப் பேர் வந்தார்கள். வெறும் தண்ணீர், டாக்டரம்மா எழுதிக் கொடுத்த வாசனையில்லாத ஷாம்பூ, துண்டு. அரிப்பு என்று யாராவது சொன்னால், “டாக்டர்கிட்ட காட்டுங்க” என்பாள்.

மந்திரி அந்தக் கடைக்கு மறுபடி வரவேயில்லை. அதற்குப் பதிலாக அவள் அங்கே போக ஆரம்பித்தாள். யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு அனுப்பிய இரண்டாம் வாரம், காலை ஏழு மணிக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். “பின்னங்கால் இறுகிடக் கூடாது. தினமும் மெதுவா நடக்க வைக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஐயாவால குனிஞ்சு நடக்க முடியாது. நான் கூட்டிட்டுப் போறேன்.” கடிகாரக்காரரின் மனைவி கதவை முழுவதும் திறக்காமல் நின்று யோசித்திருக்கிறாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, “நானும் வர்றேன்” என்றாளாம். நம்பிக்கையினால் இல்லை. இவளிடம் தனியாக விட மனமில்லை.

அப்படித்தான் அது தொடங்கியது. தினமும் காலையில் இரண்டு பேரும் என் கடையைத் தாண்டிப் போவார்கள். நடுவில் மந்திரி, வயிற்றுக்கடியில் ஒரு பழைய துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி இவள். பத்தடிக்கு ஒருமுறை நிற்கும். முதல் பத்து நாள் அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் இயல்பிலேயே பேசாமல் இருக்கத் தெரியாதவள். பதினோராம் நாளிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரருடைய தங்கையைப் பற்றி, அதாவது தன் நாத்தனாரைப் பற்றி. அந்த நாத்தனார் செய்யாத அக்கிரமம் கிடையாது. ஒரு தையல் மிஷின் விவகாரம், ஒரு கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போன விவகாரம், இருபது வருஷத்துக் கதை. இவள் துண்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். கேட்கிறாளா இல்லையா என்று தெரியாது. “சுவருகிட்ட பேசற மாதிரிதான். ஆனா சுவரு நடுவுல எழுந்து போகாது பாருங்க, அது ஒரு வசதி” என்று அந்த அம்மாவே என்னிடம் சொன்னாள்.

போன வாரம் அவர்கள் என் கடைக்கு நேர் எதிரே நின்றுவிட்டார்கள். மந்திரி ரோட்டோரமாக உட்கார்ந்து, முன்னங்கால்களை மடக்கிப் போட்டுக்கொண்டு, இனி ஒரு அடி நகர மாட்டேன் என்றது. அந்த அம்மா தையல் மிஷின் கதையில் இருந்தாள். நாத்தனார் மிஷினை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுகிறாள், கடிகாரக்காரர் வாசலில் நிற்கிறார், அந்த நேரம் பார்த்து மாமனார் வெளியே வருகிறார். அங்கே கதையை விட்டுவிட்டு, “எழுந்திருடா, வெயில் ஏறுது” என்று மந்திரியை அதட்டினாள். குனிந்து அதன் காதைப் பிடித்துச் செல்லமாக இழுத்தாள். மந்திரி அசையவில்லை. ஒரு நிமிஷம் போயிருக்கும்.

“அப்புறம்?” என்றாள் இவள்.

அந்த அம்மா நிமிர்ந்தாள். “என்ன அப்புறம்?”

“மாமனார் வெளிய வந்தார்னீங்களே. வந்து என்ன பண்ணினார்?”

அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கடைப்படியில் ஒரு ஓரத்தைப் புடவையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். “அதை ஏன் கேக்கறே, போ” என்று ஆரம்பித்தாள்.